தகரக் கூரையும் 20 பாகை எண்ணும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்முனையில் பெயின்ற் கடை வைத்திருக்கிறேன். தொலுயீன் (பெயின்ற் கரைப்பான்) கேனோடு வந்த பாதுகாப்புத் தாளில் "ஆவியமுக்கம் 2.9 கிலோபஸ்கால்" என்று போட்டிருக்கிறார்கள். இதை வைத்து நான் என்ன செய்ய?

பதில்: மூடிய இடத்தில் திரவத்துக்கு மேலே சேரும் அதன் ஆவி தரும் அமுக்கம்தான் ஆவியமுக்கம்; சூடு கூடினால் அதுவும் கூடும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வெப்பநிலை இருக்கும், அதைப் பாருங்கள். 2.9 என்பது 20 பாகை செல்சியசுக்குரியது. தகரக் கூரை போட்ட களஞ்சியத்தில் பகலில் 30 பாகை சாதாரணம். அந்தச் சூட்டில் தொலுயீனின் ஆவியமுக்கம் 4.9 கிலோபஸ்கால். இதை வளியமுக்கமான 101ஆல் வகுத்தால், மூடிய கேனுக்குள் திரவத்துக்கு மேலுள்ள இடத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் ஆவி. தொலுயீன் ஆவி காற்றில் 1.1 தொடக்கம் 7.1 சதவீதம் வரை இருந்தால் பொறி பட்டவுடன் பற்றும். ஆக, கேனுக்குள் இருப்பது பற்றக்கூடிய கலவையேதான். அரைவாசி தீர்ந்த கேனில் அந்தக் கலவைக்கு இடமும் கூட.

இன்னொரு கரைப்பானான அசற்றோன் வேறு மாதிரி. 30 பாகையில் அதன் ஆவி கேனுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைந்துவிடுவதால், எரிவதற்குக் காற்று போதாது. அதை நம்பி ஆறுதலடைய வேண்டாம். மூடியைத் திறந்ததும் வெளியே வரும் ஆவி காற்றோடு கலந்து ஐதாகும்போது பற்றும் எல்லைக்குள் வந்தே தீரும். இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது, தொலுயீனுடையது மூன்று மடங்குக்கும் மேல். எனவே காற்றுத் துவாரத்தைத் தரையோடு வையுங்கள்.

கேள்வி: வந்தாறுமூலையில் இரசாயனவியல் படிக்கிறேன். ஐசோதெனிஸ்கோப்பில் (கண்ணாடிக் குமிழும் யூ வடிவக் குழாயும் சேர்ந்த, ஆவியமுக்கம் அளக்கும் கருவி) எதனோலின் ஆவியமுக்கத்தை 30 பாகையில் அளந்தேன். 12.1 கிலோபஸ்கால் வந்தது. புத்தகத்தில் 10.5. எங்கே பிழைத்தேன்?

பதில்: கூடுதலான அந்த 1.6 பெரும்பாலும் எதனோலுடையதே அல்ல, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று தன் பங்காகத் தரும் அமுக்கம் (பகுதியமுக்கம்). குமிழில் பாதியளவும், யூ வடிவக் குழாயில் இரு புயங்களிலும் சில சென்ரிமீற்றரும் திரவம் விட்டு, பம்பியால் அமுக்கத்தை மெல்லக் குறைத்து, குமிழிலுள்ள திரவத்தைக் கொதிக்க விடவேண்டும். காற்று யூ குழாயூடாகக் குமிழி குமிழியாய் வெளியேறும். முதல் குமிழிகள் அடங்கியதும் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. சில நிமிடங்கள் கொதிக்கட்டும். பின்னர் நைதரசனை ஊசித் திருகால் (வாயுவைச் சிறிது சிறிதாக விடும் வால்வு) துளித்துளியாக விட்டு, இரு புயங்களிலும் திரவ மட்டம் சமனானதும், அமுக்க வித்தியாசம் காட்டும் மனோமானியை வாசியுங்கள். வளியமுக்கம் காட்டும் பாரமானியின் வாசிப்பிலிருந்து மனோமானி வித்தியாசத்தைக் கழித்தால் ஆவியமுக்கம். திருகைப் படக்கென்று திறந்தால் ஒரு குமிழி வாயு பின்பக்கமாகக் கண்ணாடிக் குமிழுக்குள் போய்விடும். போனால் மறுபடி ஆரம்பத்திலிருந்துதான்.

வாசித்தபின் இன்னொருமுறை கொதிக்கவைத்து வாசியுங்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களும் ஒத்துப்போகும் வரை எதையும் கொப்பியில் எழுதாதீர்கள்.

அப்படியும் எண் கூடுதலாகவே வந்தால் மூன்று இடங்களைத் தேடுங்கள். திருகுகளை மூடிப் பத்து நிமிடம் விட்டபின் மனோமானி அசைந்தால் மூட்டில் கசிவு. நீர்த்தொட்டி 1 பாகை கூடினாலே எதனோலில் 0.6 கிலோபஸ்கால் வரை ஏறும், ஆகவே வெப்பமானியைக் குமிழின் மட்டத்திலேயே தொங்கவிடுங்கள். மூன்றாவது, மாதிரியில் விரைந்து ஆவியாகும் மாசு. கருவியையே சந்தேகித்தால் காய்ச்சிவடித்த நீரை அளந்து பாருங்கள்: 30 பாகையில் 4.25, 40 பாகையில் 7.38 கிலோபஸ்கால் வரவேண்டும்.

ஒரே வெப்பநிலையோடு நிற்காதீர்கள். பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் 104ஆம் இலக்கச் சோதனை வழிகாட்டலும் குறைந்தது இரண்டு வெப்பநிலைகளைக் கேட்கிறது, மூன்று இருந்தால் நல்லது என்கிறது. அமுக்கத்தின் மடக்கையைக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். குளிர்ப் பக்கத்தில் கோடு மேலே வளைந்தால் காற்று இன்னும் உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: அக்கரைப்பற்றில் வயல் செய்கிறேன். களைநாசினியான கிளைபோசேற்றுக்கு ஆவியமுக்கம் மிகக் குறைவாம். அப்படியென்றால் முகக்கவசம் தேவையில்லையா?

பதில்: குறைவுதான்: 25 பாகையில் 0.000013 பஸ்கால் அளவு. இவ்வளவு சிறியதை மனோமானி காட்டாது. கண்ணாடி மணிகளில் பூசிய பொருளுக்கு மேலாக நைதரசனை மெல்லச் செலுத்தி, அது தூக்கிவரும் ஆவியை ஒரு சேகரிப்புக் குழாயில் பிடித்து, அதன் திணிவை அளப்பார்கள். 1 கன மீற்றர் நைதரசன் தூக்கிவருவது 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம் விட்டால் அவ்வளவும் போக 33 மணித்தியாலம் பிடிக்கும். ஓட்ட வேகத்தை மாற்றியும் விடை மாறாவிட்டால்தான் நைதரசன் ஆவியால் முழுதும் நிரம்பியிருந்தது என்று கொள்வார்கள்.

ஆனால் அந்த எண் ஆவியைப் பற்றியது மட்டும். விசிறும் தாங்கியின் முனையிலிருந்து வருவது ஆவியல்ல, துளி. அதோடு போத்தலில் கலந்திருக்கும் மற்றப் பொருட்களுக்கும் இந்த எண் பொருந்தாது. முகக்கவசத்தைப் போடுங்கள், காற்றுக்கு எதிராக நின்று விசிறாதீர்கள்.