திரும்பிப் போகிறவள் பொய் சொல்கிறாளா?

வணக்கம்.

என் தங்கைக்குத் திருமணமாகி எட்டு வருடம் ஆகிறது. கணவர் அடிக்கிறார் என்று மூன்று முறை என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று முறையும் சில வாரங்களில் அவளாகவே திரும்பிப் போனாள். இந்தத் தடவை கிளம்பும்போது, "என்னை விட்டா அவருக்கு யாருண்ணா இருக்கா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொன்றும் குழப்புகிறது. நடந்ததை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறாள். முதலில் சமையலறை என்றாள், பிறகு படுக்கையறை என்றாள். எந்த மாதம் என்று கேட்டால் தெரியவில்லை. ஆனால் அன்று அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பது வரை ஞாபகம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் மிகைப்படுத்துகிறாள் என்கிறார்கள். நண்பர் ஒருவர், கொடுமை செய்கிறவர் மீதே பற்று வந்துவிடும் ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் இது என்றார். இனிமேல் திரும்பிப் போவதாக இருந்தால் இங்கே வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் சொல்வதை நம்பலாமா? உண்மையென்றால் ஏன் போகிறாள்?

எம்.

அன்புள்ள எம்,

நம்புங்கள். உங்களுக்குச் சந்தேகம் தந்த இரண்டு விஷயங்களும் தொடர்ந்து அடிவாங்கியவர்களிடம் அடிக்கடி காணப்படுபவை. அவற்றை வைத்து அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்ட முடியாது.

உயிர்பயம் வரும்போது கவனம் சுருங்கிவிடுகிறது. கண் எதில் நிலைத்ததோ அது ஆழமாகப் பதியும். சுற்றியிருந்தது, முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது எல்லாம் மங்கும். பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி அப்போது தீவிரமாக இயங்குகிறது. இடத்தையும் காலவரிசையையும் கோத்துத் தருவது ஹிப்போகேம்பஸ். கடுமையான நெருக்கடியில் அதன் வேலை தடுமாறுகிறது. அதனால்தான் பொத்தான் தங்கியிருக்கிறது, மாதம் இல்லை. அதிர்ச்சியான அனுபவம் ஒரு கதையாகக் கோர்வைப்படாமல் உடல் உணர்வுகளாகவும் காட்சித் துண்டுகளாகவும் நின்றுவிடுகிறது என்பதை பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவிட்டார்.

அப்புறம், அவளுக்கு நடந்தது ஒரே ஒரு சம்பவம் அல்ல. ஒரே மாதிரியான சம்பவங்கள் பலமுறை நடந்தால், நினைவு அவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. 'வழக்கமாக இப்படித்தான் நடக்கும்' என்ற பொதுவடிவம் ஒன்று உருவாகி, ஒரு நாளின் விவரம் இன்னொரு நாளோடு கலந்துவிடும். சமையலறையிலும் அடித்திருப்பார், படுக்கையறையிலும் அடித்திருப்பார். நீங்கள் ஒரு நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள், அவளோ எட்டு வருடத்திலிருந்து எடுத்துச் சொல்கிறாள்.

இதற்காக நினைவு தவறவே தவறாது என்று சொல்ல வரவில்லை. நடக்காத ஒன்றைக்கூட நடந்ததாகச் சிலரை நம்பவைக்க முடியும் என்பதை உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸின் 1995 ஆய்வு காட்டியது. ஆகவே துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அன்னைக்குக் கழுத்தை நெரிச்சாரா?" என்று நீங்களாக எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் போக்கில் பேச விடுங்கள்.

ஸ்டாக்ஹோம் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சொல்லின் மீது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. 1973 ஆகஸ்ட் 23 அன்று ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் ஒரு வங்கிக்குள் யான்-எரிக் ஓல்சன் துப்பாக்கியோடு நுழைந்தார். ஊழியர்கள் நான்கு பேர் ஆறு நாட்கள் பணயக்கைதிகளாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் 23 வயது கிறிஸ்டின் என்மார்க். அவர் பிரதமர் ஓலோஃப் பால்மேயுடன் தொலைபேசியில் பேசி, போலீஸ் உள்ளே பாய்ந்துவிடுமோ என்றுதான் தனக்குப் பயம், கொள்ளையர்களோடு வெளியே போக விடுங்கள் என்று கெஞ்சினார். அந்த நிலைமையில் அது பைத்தியக்காரத்தனமான கணக்கு இல்லை. ஆனால் போலீசுக்கு ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட், அந்தப் பெண்ணைப் பரிசோதிக்காமலேயே இதற்கு ஒரு நோய்ப்பெயர் சூட்டிவிட்டார். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இன்றுவரை இது ஒரு நோயாக இடம்பெறவில்லை. உயிர்பிழைக்க ஒருத்தி செய்ததை அவளுடைய மனக்கோளாறு என்று காட்டிவிட்டது அந்தப் பெயர். உங்கள் தங்கைக்கும் அதையே ஒட்டாதீர்கள்.

அவள் ஏன் போகிறாள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டு. டட்டன், பெயிண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல், அடிக்கிறவர் மீதே இப்படிப் பற்று உருவாக்கும் இரண்டு நிலைமைகளைச் சுட்டிக்காட்டினார்கள். ஒன்று, ஒருவர் கையில் அதிகாரம் முழுக்கக் குவிந்திருப்பது. மற்றது, கொடுமையும் கனிவும் மாறி மாறி வருவது. எப்போதும் அடிக்கிறவனை வெறுத்துவிட்டுப் போய்விடலாம். அடித்த இரவே அழுதுகொண்டு மருந்து போட்டுவிடுகிறவனிடம் அது கடினம். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைக்கிற அன்பு, தவறாமல் கிடைக்கிற அன்பைவிட வலுவாகப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. பயந்துபோன மனிதர் யாரையாவது ஒண்டிக்கொள்ளத் தேடுவார். அது குழந்தையிலிருந்தே நமக்குள் இருப்பது. அவளைச் சுற்றியிருந்தவர்களைக் கணவர் ஒவ்வொருவராக விலக்கிவிட்ட பிறகு, பயத்தைத் தந்தவர், பயத்தைத் தணிக்கக்கூடியவர் இரண்டுமே அவர் ஒருவர்தான். அடி எவ்வளவு பலமோ, ஆறுதலுக்கான தேவையும் அவ்வளவு பலம். "அவருக்கு யார் இருக்கா" என்று கேட்டவளுக்கு வேறு யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பற்று மெதுவாகத்தான் குறையும். வன்முறையான உறவிலிருந்து வெளியேறிய 75 பெண்களை அதே ஆய்வாளர்கள் பார்த்தார்கள் (1993இல் வெளியான ஆய்வு). ஆறு மாதம் கழித்து அவர்களின் பற்று குறைந்திருந்தது, ஆனால் போய்விடவில்லை. நீங்களோ சில வாரங்களில் அது தீர்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

ஆகவே உங்கள் நிபந்தனையை எடுத்துவிடுங்கள். இன்றே ஃபோன் செய்து, எத்தனை தடவை போனாலும் வந்தாலும் கதவு திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். நிபந்தனை போட்டால் மறுபடியும் அவருக்கு மட்டும்தான் லாபம். கணவரைத் திட்டவும் வேண்டாம், திட்டினால் அவள் அவருக்காக வாதாடத் தொடங்குவாள். ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். பிரிந்து வெளியேறும் சமயமும் அதை ஒட்டிய காலமும்தான் மிக ஆபத்தானவை. கோபத்தில் போய் அவளை இழுத்துக்கொண்டு வராதீர்கள். குடும்ப வன்முறையில் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் முதலில் நீங்களே போய்ப் பேசுங்கள். எப்போது கிளம்புவது, சான்றிதழ்களையும் கொஞ்சம் பணத்தையும் எங்கே வைப்பது என்பதையெல்லாம் அவளோடு சேர்ந்து முன்கூட்டியே திட்டமிட அவர்கள் உதவுவார்கள்.

அவள் பேசுகிறபோது, அவள் சம்மதித்தால், அவள் வார்த்தைகளிலேயே எழுதித் தேதி போட்டு, கணவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முன்பு சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்றால் திருத்தாதீர்கள். இரண்டையும் அப்படியே வையுங்கள்.