டாக்டர் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

நான் பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு மாணவன். விக்டோரியா காலத்து ‘பேட்டன்ட்’ மருந்துகளைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். தலைவலி முதல் காசநோய் வரை ஒரே மாத்திரையில் தீரும் என்று விளம்பரம் செய்திருக்கிறார்கள், லட்சக்கணக்கானவர்கள் வாங்கியும் இருக்கிறார்கள். படிக்கப் படிக்கச் சிரிப்புதான் வருகிறது. ரயிலும் தந்தியும் கண்ட சமூகம் எப்படி இவ்வளவு முட்டாளாக இருந்தது? அந்த மருந்துகளில் உண்மையிலேயே வேலை செய்தது ஏதாவது உண்டா? நம் ஊர் லேகியங்களையும் இதே கணக்கில் சேர்க்கலாமா? எனக்குச் சின்ன வயதில் கொடுத்த கிரைப் வாட்டரும் அந்தக் காலத்துச் சரக்குதான் என்கிறார்கள், நிஜமா?

க., மதுரை

அன்புள்ள க.,

போன வாரம் ஊருக்குப் போய் என் அத்தையின் டிரங்குப் பெட்டியை எடுத்து வந்தேன். அதில் இருந்த ஒரு காகிதத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இத்தனை நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கிரைப் வாட்டர் அந்தக் காலத்ததுதான். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சேர்ந்த நீர். அன்றைய பாட்டிலில் கொஞ்சம் ஆல்கஹாலும் உண்டு. லேகியத்தை இங்கே இழுக்காதீர்கள், அது வேறு பேச்சு. அப்புறம், ‘பேட்டன்ட்’ என்ற சொல்லை நம்பி எழுதிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை காப்புரிமை வாங்காதவை. காப்புரிமை வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அதை மறைப்பதில்தான் தொழிலே இருந்தது.

வேலை செய்ததா என்று கேட்கிறீர்கள். பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். தாமஸ் பீச்சம் சிறுவயதில் ஆடு மேய்த்தவர். செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் மாத்திரை விற்றபோது, ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்’ என்று விளம்பரம் செய்தார். கினி என்றால் 21 ஷில்லிங், ஷில்லிங் என்றால் 12 பென்னி. 56 மாத்திரை கொண்ட பெட்டியின் விலை 1 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட மருந்துகளைச் சோதித்து 1909-ல் ஒரு புத்தகமே போட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தவை மூசாம்பரம் (கற்றாழைச் சாற்றை உலர்த்திய கட்டி), சுக்கு, சோப்பு. 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்கவிலை சுமார் அரை ஃபார்த்திங். ஃபார்த்திங் என்றால் கால் பென்னி. கணக்குப் போட்டால் விற்ற விலை அதைப்போல் 108 மடங்கு வரும். மலச்சிக்கல் இருந்தவருக்கு வயிறு இளகியிருக்கும். விளம்பரம் சொன்ன மற்ற நோய்களுக்கு ஒன்றும் நடந்திருக்காது.

அந்த விலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றரைப் பென்னியைக் கவனித்தீர்களா? அது அரசாங்கத்தின் முத்திரை வரி. 1783-லிருந்து வசூலித்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அரசு முத்திரைச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஜனங்கள் அதைப் பார்த்து, அரசாங்கமே சோதித்து ஒப்புதல் கொடுத்த மருந்து என்று நம்பினார்கள். சில வியாபாரிகள் அப்படியே சொல்லியும் விற்றார்கள். வரிப்பணம் வந்துகொண்டிருந்ததால் கருவூலத்துக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. பத்திரிகைகளுக்கு விளம்பரப் பணம் வந்துகொண்டிருந்தது. இத்தனை பேர் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருக்க, முட்டாள் பட்டத்தை அந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினவன் தலையில் கட்டுகிறீர்களே தம்பி, இது நியாயமா?

காட்ஃப்ரே கார்டியல் என்று ஒன்று. அதையும் படித்திருப்பீர்கள். சர்க்கரைப் பாகில் அபினி கலந்தது. அழுகிற கைக்குழந்தைக்குக் கொடுத்தார்கள். பாட்டிலின் அடியில் அபினி தங்கிவிட்டால் கடைசிக் கரண்டியில் வீரியம் ஏறிவிடும். தூங்கிய குழந்தை எழுந்திருக்காமல் போனதும் உண்டு. எழுந்த குழந்தைகளும் பால் குடிக்க மனமில்லாமல் வற்றிப் போயின. அதைக் கொடுத்த தாய் யார்? விடிவதற்கு முன்னால் பஞ்சாலைக்குப் போய், இருட்டிய பிறகு வருகிறவள். குழந்தையை இன்னும் பத்துக் குழந்தைகளோடு ஒரு கிழவியிடம் விட்டுவிட்டுப் போவாள். வீட்டில் இருந்தால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் பால் இல்லை. அபினி விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த 1868-ம் ஆண்டுச் சட்டம் பேட்டன்ட் மருந்துகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. இதைப் படித்துவிட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்ததென்றால், சரியாகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். திரும்பப் படியுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது லிடியா பிங்க்ஹாமைப் பற்றி. இங்கிலாந்து இல்லை, அமெரிக்கா. காலம் அதே காலம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்ற ஊர். 1873-ல் வந்த பொருளாதார வீழ்ச்சியில் லிடியாவின் கணவர் கையில் இருந்ததெல்லாம் போய்விட்டது. அந்த அம்மாள் மாதவிடாய் வலிக்கும் கர்ப்பப்பைக் கோளாறுகளுக்கும் வீட்டு அடுப்பில் ஒரு கஷாயம் காய்ச்சி, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தவர். 1875-ல் அதையே பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு பாட்டில் ஒரு டாலர். உள்ளே சில வேர்கள், அவற்றோடு நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயம், அப்புறம் சுமார் 18 சதவீதம் ஆல்கஹால். வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த உடையில் சாந்தமாகப் பார்க்கும் அவர் முகத்தையே விளம்பரத்தில் போட்டார்கள். அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பெண் முகமாக அது ஆகிவிட்டது.

அந்த முகத்துக்குக் கீழே ஒரு வரி வரும்: உங்கள் தொல்லை எதுவானாலும் திருமதி பிங்க்ஹாமுக்கு எழுதுங்கள். இந்த வரியைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் எழுதினார்கள். கணவனிடம் சொல்ல முடியாததை, தாயிடம் சொல்லக் கூசியதை எழுதினார்கள். ஆண்கள் யாரும் இக்கடிதங்களைப் பார்ப்பதில்லை என்று விளம்பரம் உறுதி சொன்னது. பதிலும் வந்தது.

அப்போது டாக்டரிடம் போனால் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1872-ல் ஜார்ஜியாவில் ராபர்ட் பாட்டி என்ற அறுவை மருத்துவர், மாதவிடாய்த் தொல்லைக்காக ஒரு பெண்ணின் சினைப்பைகளை வெட்டி எடுத்தார். சினைப்பையில் கட்டி இருந்ததற்காக அல்ல. அந்த அறுவை அவர் பெயராலேயே பிரபலமாகி, நரம்புத் தளர்ச்சி, மனக்கலக்கம் என்று சொல்லப்பட்ட பெண்களுக்கெல்லாம் செய்யப்பட்டது. பிழைக்காமல் போனவர்கள் பலர். ஒரு பக்கம் இந்தக் கத்தி. இன்னொரு பக்கம் வெந்தயமும் வேரும் சாராயமும் போட்ட கஷாயம், கூடவே ‘உனக்கு என்ன செய்கிறது, எழுது’ என்று கேட்கும் ஒரு பெண். நான் அன்று அங்கே இருந்திருந்தால் ஒரு டாலரை எடுத்துக் கொடுத்திருப்பேன். நீங்களும் உங்கள் அம்மாவுக்காக அதைத்தான் செய்திருப்பீர்கள்.

அதனால் அந்தக் கம்பெனியை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். லிடியா 1883-ல் இறந்துபோனார். கடிதங்கள் வருவது நிற்கவில்லை, பதில்கள் போவதும் நிற்கவில்லை. அவர் லின் நகரத்தில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருப்பதாகவே பெண்கள் நினைத்தார்கள். விளம்பரம் அவர்களை அப்படி நினைக்க வைத்தது. 1905-ல் எட்வர்ட் போக் என்ற பத்திரிகை ஆசிரியர் அவருடைய கல்லறையின் படத்தை எடுத்துப் பெண்கள் பத்திரிகையில் போட்டார். 22 வருடம்! அதே சமயம் இன்னொன்றும் வெளியே வந்தது. இப்படி மருந்துக் கம்பெனிகளுக்கு வந்த கடிதங்களைக் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கி, மற்ற கம்பெனிகளுக்கு விற்கும் தரகர்கள் இருந்தார்கள். ஒருத்தி விளக்கு வெளிச்சத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, வெட்கத்தை விட்டு எழுதியதை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலை பேசியிருக்கிறார்கள். சோப்பு மாத்திரையைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது. 1906-ல் வந்த சட்டம் ஆல்கஹாலும் அபினியும் எவ்வளவு இருக்கின்றன என்று லேபிளில் எழுத வைத்தது. நல்ல சட்டம்தான். பதில் எழுதியது யார் என்று எந்த லேபிளில் எழுதுவது?

அத்தையின் பெட்டிக்கு வருகிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு இடுப்புவலி, வெள்ளைப்படுதல். அதை அவள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, முன்னும் பின்னும் ஆட்கள் இருக்க, ஆண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். “வயித்துல வலி” என்று மட்டும் சொல்லிவிட்டு வெள்ளை மாத்திரையோடு திரும்பி வருவாள். ஒருநாள் மளிகை சாமான் சுற்றி வந்த வாரப்பத்திரிகைத் தாளில் ஒரு விளம்பரத்தை வாசித்துக் காட்டினேன். பெண்களின் அந்தரங்க வியாதிகளுக்குத் தபாலில் ஆலோசனை, ‘டாக்டர் அம்மா’ நேரடியாகப் பதில் எழுதுவார். அத்தை மறுநாளே ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கி வரச் சொன்னாள்.

மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதினோம். அவள் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. மடிக்கிற ஓரம் வரைக்கும் எழுதியும் இடம் போதவில்லை. எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த வயதில் அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

பதினைந்து நாளில் வி.பி.பி. பார்சல், அதாவது போஸ்ட்மேனிடம் பணம் கட்டி வாங்குகிற பார்சல், வந்தது. துணியில் தைத்து, அரக்கு முத்திரை வைத்தது. மோர் விற்ற காசில் 18 ரூபாய் எண்ணி போஸ்ட்மேனிடம் கொடுத்தாள். வைக்கோலுக்குள் கருகிய வெல்லப்பாகு வாசனையோடு ஒரு பாட்டில், கூடவே அச்சடித்த ஒரு தாள். ‘அன்புள்ள சகோதரி’ என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளிக்கோடு, அதன் மேல் நீல மசியில் அத்தை பெயர். உங்கள் கஷ்டத்தை நான் நன்றாக உணர்கிறேன் என்று தொடங்கும். அந்தத் தாள்தான் இப்போது என் மேஜையில் இருக்கிறது. மடிப்புகள் நைந்து நான்கு துண்டாகிவிட்டது. அத்தனை தரம் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

மூன்று பாட்டில் குடித்தாள். வலி போகவில்லை. நானே கோபமாக ஒரு கார்டு எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றாள். ஆனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது இதுதான்: எனக்குத் தேவலை, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், ஓயாமல் எழுதுகிறீர்களே, கை வலிக்காதா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து விலைப்பட்டியல் ஒன்று வந்தது. வேறு எதுவும் இல்லை. அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்ன எழுதியிருக்காங்க?”

நான் பேசாமல் இருந்தேன்.

“என் பேர் போட்டிருக்கா?”

மேலுறையில் விலாசம் இருந்தது. “போட்டிருக்கு அத்தை” என்றேன்.

“அப்ப சரி” என்று அதையும் வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.