வைப்ரஃபோன் ஆசை: வாங்குவதற்கு முன் ஒரு வருடம்

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். மகள் பிளஸ் ஒன். பள்ளி பேண்டில் பெல் லைரா (கையில் ஏந்தி வாசிக்கும் சிறிய உலோகப் பட்டைக் கருவி) வாசிக்கிறாள். ஜாஸ் வைப்ரஃபோன்தான் படிப்பேன் என்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் அம்மா. வைப்ரஃபோன் என்பது உலோகப் பட்டைகளைக் குச்சிகளால் அடித்து வாசிக்கும் பெரிய கருவி. பட்டைகளுக்குக் கீழே ஒலியைப் பெருக்கும் குழாய்கள், ஒலியை நீட்டவும் நிறுத்தவும் காலடியில் பெடல். புதிதாக வாங்கினால் பல லட்சம் ஆகும். ஆசையையும் மறுக்காதீர்கள். முதல் வருடத்துக்கு 61 கட்டை கீபோர்டும், இப்போது வாசிக்கும் பெல் லைராவும் போதும்.

ஜாஸ் குழுவில் தனியாக வாசிக்கும் நேரம் குறைவு. சாக்ஸபோன்காரர் வாசிக்கும்போது பின்னால் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிக்கும் நேரமே அதிகம். 1964-ல் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் குழுவில் பியானோ இல்லை. அந்த வேலையை வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டன் நான்கு மேலட்டுகளால் (அடிக்கும் குச்சிகளால்) செய்தார். மகள் கேட்டுப் பழக வேண்டியது அந்தத் துணைவாசிப்பை. மெட்டைக் கருவியில் எப்படிப் பாடவைப்பது என்பதற்கு இன்னொரு வைப்ரஃபோன் கலைஞர் மில்ட் ஜாக்சனைக் கேட்கலாம்.

கீபோர்டில் தொடங்கும் பாடம் இது: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற மூன்று கார்டுகள் (டி, ஜி, சி எல்லாம் மேற்கத்திய சுரப்பெயர்கள்). ஒவ்வொரு கார்டிலும் மூன்றாவது, ஏழாவது சுரங்கள் மட்டும். சி-எஃப், பி-எஃப், பி-இ. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சுரம்தான் நகர்கிறது, அதுவும் அரைப்படி, அதாவது பக்கத்துக் கட்டைக்கு. வைப்ரஃபோனின் கடைசிக் கீழ்ச்சுரம் நடு சி-க்குக் கீழுள்ள எஃப். அதனால் அடிச்சுரத்தை கீழ்ச்சுரம் வாசிக்கும் பாஸ்காரரிடம் விட்டுவிடலாம். இது கைவந்ததும் டி மைனர் 7-க்கு நான்கு சுரம்: எஃப்-ஏ-சி-இ. ஜி 7 வரும்போது சி மட்டும் பி ஆகும். 12 சுருதிகளிலும் மெட்ரோனோம் 60-ல் தடுமாறாமல் வந்தால் மேலே போகலாம்.

மனோதர்மத்துக்கு (அப்போதே கற்பனையில் வாசிப்பதற்கு) முதலில் 12 பார் ப்ளூஸ், அதாவது 12 தாள அளவுகளாகத் திரும்பத் திரும்ப வரும் பாட்டு வடிவம். வாயால் பாடிவிட்டுப் பிறகு அடிக்க வேண்டும். கர்நாடக சங்கீதத்தில் கல்பனாஸ்வரம் பாடத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்காக இடத்தில் வந்து விழுவது எளிதாக வரும். ஆனால் ராகம் மாறாமல் நிற்பதுபோல் இங்கே நிற்காது. கார்ட் மாறும் கணத்தில் இறங்கும் சுரமும் மாற வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கருவி கிடைத்ததும் முதல் சிக்கல் பெடல். அழுத்தியே வைத்திருந்தால் பழைய கார்ட் புதியதோடு கலந்து குழம்பும். புதிய கார்டை அடிக்கும் நொடியில் பெடலை விட்டு, உடனே அழுத்த வேண்டும். ஒரு சுரத்தை மட்டும் நிறுத்த, அடுத்ததை அடிக்கும்போதே இன்னொரு மேலட்டின் தலையை முந்தைய பட்டையில் வைத்து அழுத்துவார்கள். அழுத்தாமல் தட்டினால் கிர்ரென்ற சத்தம் வரும்.

மலைக்குளிரையும் சொல்லியாக வேண்டும். அலுமினியப் பட்டையின் சுருதி குளிரில் பெரிதாக மாறாது. கீழேயுள்ள குழாயின் சுருதி மாறும். 27 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால், அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் ஏறக்குறைய பாதி அளவு அது இறங்கிவிடும். பட்டையோடு ஒத்துப்போகாததால் ஒலி மெலியும். பிள்ளைகள் அதை ஈடுகட்ட ஓங்கி அடிப்பார்கள், மணிக்கட்டு இறுகும். அறையைச் சூடாக்கி, சற்றுப் பொறுத்து வாசிப்பதே வழி.

பிழைப்பு: வைப்ரஃபோனை மட்டும் நம்பி தமிழ்நாட்டில் குடும்பம் நடத்துவது கடினம். கீபோர்டு, டிரம்ஸ், இசைக்கோட்பாடு சேர்ந்தால் பள்ளி இசை ஆசிரியர், ஒலிப்பதிவு வாசிப்பு, கச்சேரி என வழிகள் உண்டு. அதனால் பிளஸ் டூ மதிப்பெண்ணை விட்டுவிட வேண்டாம். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் டியூன்டு பெர்கஷன் (சுருதியுள்ள தட்டுக்கருவி) கிரேடு தேர்வுகளை எழுதலாம். 6-ம் கிரேடுக்கு முன் 5-ம் கிரேடு தியரி முடித்துவைப்பது நல்லது. அமெரிக்காவில் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் வைப்ரஃபோனை முதன்மைக் கருவியாகவே எடுக்கலாம். ஆடிஷனும் நேர்காணலும் உண்டு, செலவும் மிக அதிகம். உதவித்தொகை கிடைக்காமல் கடன் வாங்கி அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆன்லைன் ஆசிரியர் பிடித்தால், கேமராவை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். பட்டைகளுக்கு மேலே ஒன்று, பெடல் காலுக்கு ஒன்று. தவறு நடப்பது அந்த இரண்டு இடங்களில்தான்.