தேதி கேட்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். உபவாசக் கூட்டம் ஒன்றில் ஒரு தேவ ஊழியர், "எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழந்தையில் ஞானஸ்நானம், பிறகு விசுவாசத்தை நானே அறிக்கையிட்ட திடப்படுத்தல், ஞாயிறு ஆராதனை, இவ்வளவுதான். "அது மதம், உறவு இல்லை" என்றார். அம்மா பக்கவாதத்தில் விழுந்ததற்கும் இதுதான் காரணமோ என்று மனசு உறுத்துகிறது. கர்த்தரோடு எனக்கு உறவு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போனில் வேதம் வாசிக்கலாமா? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் மீன் சாப்பிடலாமா? இரவு வேலை முடிந்து வந்து முழங்காலில் நின்றால் தூங்கிவிடுகிறேன். அது பாவமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மீனும் போனும் இருக்கட்டும். சாப்பிடுங்கள், வாசியுங்கள்.

அம்மா விஷயத்தில் உங்களைத் திட்டத்தான் வேண்டும். தினமும் நாலு பேருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறவர் நீங்கள். வார்டில் ஒரு நோயாளியின் மகள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு வெட்டிச் சொன்னார். யோவான் 9-ஐ எடுத்துப் பாருங்கள். மகளிடம் ஒரு தேதி இல்லை என்பதற்காகத் தாயின் கையையும் காலையும் ஜப்தி செய்கிற கந்துவட்டிக்காரராக ஆண்டவரை நினைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

அந்தத் தேதி விவகாரம் எனக்கும் கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் அல்ல, உறவுதான் என்பது நேற்று வந்த பேச்சு இல்லை. வாயில் சரியான கோட்பாடு இருந்தால் போதாது, உள்ளம் மாற வேண்டும் என்று ஜெர்மனியில் ஸ்பெனர் என்ற லுத்தரன் போதகர் 1675-லேயே எழுதிவிட்டார். அவர் வழியில் வந்த பிராங்கே ஹாலே நகரத்தில் பள்ளிகளும் அநாதை இல்லமும் நடத்தினார். அந்த ஹாலேயில் படித்த சீகன்பால்குதான் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளின் தொடக்கமே அங்கேதான். பிராங்கேயின் வாழ்க்கையில் ஒரு இரவு உண்டு. 1687-ல், லூனபர்க் என்ற ஊரில் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்தது. பேசப்போகிற விசுவாசம் தன்னிடமே இல்லையே என்று தவித்து முழங்காலில் நின்றார். சந்தேகம் அப்படியே விலகியது. அது அவருக்கு நடந்தது, சந்தோஷம். பின்னால் வந்தவர்கள் அதை அச்சாக எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் அப்படி ஒரு இரவு, அதே போல ஒரு கண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சட்டம் வேண்டாம் என்று கிளம்பியவர்கள் போட்ட சட்டம் இது. பேதுருவுக்கு எந்தத் தேதி? வலையை விட்டுவிட்டு வந்த நாளா, தண்ணீரில் மூழ்கப்போய்க் கத்திய நாளா, சேவல் கூவியதும் வெளியே போய் அழுத நாளா?

எங்கள் ஆச்சிக்கும் தேதி கிடையாது. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவார். கைப்பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் இருந்த வழக்கம்தான். சின்ன மாமாவுக்கு டைபாய்டு வந்து காய்ச்சல் இறங்காமல் கிடந்தபோது, ஒரு நாள் ஆச்சி அரிசியை அள்ளி டப்பா வரைக்கும் கொண்டுபோனார். என்ன நினைத்தாரோ, திரும்பவும் சுளகிலேயே கொட்டினார். "இன்னைக்கு உமக்குக் கெடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் எறங்கட்டும், பெறவு பாப்போம்." பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வது மாதிரி சத்தமாகச் சொன்னார். அடுத்த நாளும் போடவில்லை. அதற்கடுத்த நாள், காய்ச்சல் அப்படியே இருக்க, விட்டுப்போனதையும் சேர்த்து மூன்று கைப்பிடி போட்டார். முகம் மட்டும் உர்ரென்று இருந்தது.

அந்த டப்பாவில் கிடந்தது சட்டமா, உறவா? உங்கள் ஊழியர் வந்து பிரித்துக் காட்டட்டும்.

கோபித்துக்கொள்ள முடியாத இடத்தில் என்ன உறவு இருக்கிறது? சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதத்தில் கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் கிடையாது, புலம்பலிலேயே முடிந்துவிடுகிறது. நாளுக்கொரு ஆறுதல் வசனம் போடும் வாக்குத்தத்தக் காலண்டரில் அந்தக் கடைசி வசனம் வந்து நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாளைச் சபித்தான், ஆண்டவரையே வழக்குக்குக் கூப்பிட்டான். அவனுடைய நண்பர்கள் எலிப்பாஸும் மற்ற இரண்டு பேரும் ஆண்டவர் சார்பில் வக்காலத்து வாங்கி, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். முடிவில் திட்டு வாங்கியது யார்? அந்த மூன்று பேர். யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். அவர்களுக்காக யோபுதான் ஜெபிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று உங்களையே போட்டு அறுத்துக்கொள்வதை விட்டுவிட்டு, அவரிடமே கேளுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம். சத்தமாகவே கேளுங்கள்.

அப்புறம், தூக்கம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தூங்கினான். தூதன் வந்து தட்டி எழுப்பினான். பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டான், குடித்தான், மறுபடியும் படுத்துவிட்டான். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை எழுப்பியதும் சாப்பிடச் சொல்லத்தான்.

நீங்களும் தூங்குங்கள். அம்மாவுக்குப் பிசியோதெரபியை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். முதல் சில மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்புடன்.