கர்நாடகத்தின் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போவது, குழந்தைகளுடன் படகில் ஏறலாமா?

பிப்ரவரி முதல் மே வரை போங்கள். மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா போன்றவை கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் அது. வெயில் கடுமைதான். அதனால் காலையில் முதல் படகுக்கே டிக்கெட் வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் காவிரியில் வெள்ளம் பெருகும், படகை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

குழந்தைகளைத் தாராளமாக ஏற்றலாம். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: கையைத் தண்ணீரில் விட அனுமதிக்காதீர்கள். அங்கே ஆற்றுப் பாறைகளின்மேல் வாயைத் திறந்தபடி வெயில் காய்பவை உண்மையான முதலைகள். அசையாமல் கிடப்பதால் பலர் மரக்கட்டை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு தடுப்பணையால் உருவான சிறு திட்டுகள் இவை. பறவையியலாளர் சாலிம் அலி சொன்னதன் பேரில் 1940இல் மைசூர் அரசு சரணாலயமாக அறிவித்தது. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நம் ஊருக்கு வரும் அதே காவிரி என்பதால் எனக்கு இந்த இடத்தின்மீது தனிப் பற்று.

படகோட்டிகள் கூடுகளுக்கு மிக அருகில் கொண்டுபோவார்கள். கூச்சல் போடாதீர்கள். பயந்து தாய்ப்பறவை எழுந்துவிட்டால், நிழலில்லாத கூட்டில் குஞ்சுகள் வெயிலில் வாடிவிடும். பைனாகுலரை மறக்காதீர்கள்.