லில் நகரத்திலிருந்து ஒரு பதில்: பிரெஞ்சு பிசினஸ் ஸ்கூலுக்கு வரலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பி.காம். முடித்துத் திருச்சியில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள். பிரான்சில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் இரண்டாண்டு மேலாண்மைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாடம் எல்லாம் ஆங்கிலத்தில்தான், பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முடித்ததும் இரண்டு வருடம் அங்கேயே இருந்து வேலை தேடலாம் என்று கன்சல்டன்சியில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் எடுக்கலாமா, படிப்பு எப்படி இருக்கும், குக்கர் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குக்கரைக் கடைசியில் பார்ப்போம்.

நான் 2015 செப்டம்பரில் வந்தவள். பெல்ஜிய எல்லையை ஒட்டிய லில் நகரத்தில்தான் படித்தேன், இங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். பாரிசில் இருப்பவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். கன்சல்டன்சி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் அந்த 'ஸ்கூல்' என்ற வார்த்தை. நான் வந்த புதிதில் அம்மா அக்கம்பக்கத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. "பொண்ணு பிரான்சுல என்ன பண்றா?" "ஸ்கூல்ல படிக்கிறா." "காலேஜ் முடிச்ச பொண்ணு மறுபடியும் ஸ்கூலுக்கா?" நம் ஊரில் பள்ளியைவிடக் கல்லூரி பெரிது, கல்லூரியைவிடப் பல்கலைக்கழகம் பெரிது. இங்கே தலைகீழ். 'கிராந்த் எகோல்', அதாவது பெரும்பள்ளி என்று சொன்னால் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு படி மேல் என்று மதிப்பு. நம் பிளஸ் டூவுக்குச் சமமான படிப்பை முடித்த பிரெஞ்சுப் பிள்ளைகள் 'ப்ரெபா' என்ற ஆயத்த வகுப்பில் இரண்டு வருடம் கண் விழித்துப் படித்து, போட்டித் தேர்வு எழுதி உள்ளே வருகிறார்கள். பாரிசின் ஈ.எஸ்.சி.பி. 1819-இல் தொடங்கியது, எச்.இ.சி. 1881-இல். இந்த லில்லிலேயே எதெக், இயெசெக், ஸ்கெமா என்று மூன்று இருக்கின்றன. இவையெல்லாம் பெயர் பெற்றவை. ஆனால் 'பிசினஸ் ஸ்கூல்' என்ற பெயருக்கு எந்தக் காவலும் கிடையாது. மாடியில் நாலு அறையை வாடகைக்குப் பிடித்தவரும் அப்படிப் பலகை மாட்டிக்கொள்ளலாம். மாட்டியும் இருக்கிறார்கள்.

அதனால் உங்கள் அனுமதிக் கடிதத்தை எடுத்து ஒன்றை மட்டும் தேடுங்கள்: படிப்புக்கு 'க்ராத் த மாஸ்தெர்' உண்டா? இந்த மாஸ்டர் தகுதியைத் தருவது அரசு. எந்தெந்தப் பள்ளியின் எந்தெந்தப் படிப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு என்ற பட்டியலைக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரபூர்வ இதழில் வெளியிடுகிறது. 'மாஸ்தேர்' என்று கிட்டத்தட்ட அதே ஓசையில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது, அது வேறு. தொழில் தகுதிகளுக்கான தேசியப் பதிவேட்டில் வரும் 'ஆர்.என்.சி.பி. 7-ஆம் நிலை' என்பதும் வேறு. விளம்பரத்தில் மூன்றும் ஒன்று போலத் தெரியும். வேலை தேடும் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வித்தியாசம் புரியும். அந்த அட்டையை முதலில் ஓராண்டுக்குத் தருவார்கள். 2018-இல் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நம்மவர்கள் இன்னோர் ஆண்டு நீட்டிக்க வழி உண்டு. கன்சல்டன்சி சொன்ன இரண்டு வருடம் இதுதான். ஆனால் மாஸ்டர் தகுதியோ, கிராந்த் எகோல்களின் கூட்டமைப்பு முத்திரை குத்திய எம்.எஸ்ஸி. போன்ற படிப்போ இருந்தால்தான் அந்த அட்டை. பள்ளிக்கு இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்பினார்கள் என்றால் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். பாடம் ஆங்கிலத்தில் என்பது உண்மை. ஆனால் இங்கே பாடத்தில் பாதி குழு வேலை. என் முதல் குழுவில் ஐந்து பேர்: மூன்று பிரெஞ்சுப் பிள்ளைகள், ஒரு சீனப் பெண், நான். உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில்தான் ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடம் போகும். ஒருவன் நகைச்சுவையாக ஏதோ பிரெஞ்சில் சொல்வான், இன்னொருத்தி பிரெஞ்சிலேயே பதில் சொல்வாள், அப்புறம் மொத்தக் கூட்டமும் பிரெஞ்சுக்குப் போய்விடும். நானும் அந்தச் சீனப் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். முடிவில், "நீங்கள் இருவரும் பவர்பாயிண்டை அழகுபடுத்துங்கள்" என்பார்கள். வேண்டுமென்றே ஒதுக்குவது இல்லை அது. அவர்கள் சொந்த ஊரில் சொந்தப் பாஷையில் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நாம் தமிழ் தெரியாத ஒருவரை வைத்துக்கொண்டு எத்தனை நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவோம், சொல்லுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முதல் டிசம்பரில் அழுவீர்கள். இங்கே எல்லாம் 20-க்கு. 10 வாங்கினால் தேர்ச்சி. 12-க்கு 'பரவாயில்லை, நன்று', 14-க்கு 'நன்று', 16-க்கு 'மிக நன்று'. 20 கடவுளுக்கு, 19 ஆசிரியருக்கு என்று இவர்களே கேலியாகச் சொல்வார்கள். என் முதல் கட்டுரைக்கு 13 வந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் 'நல்ல வேலை' என்றும் இருந்தது. நல்ல வேலைக்கு ஏன் ஏழு மதிப்பெண் பிடித்தீர்கள் என்று நான் போய்க் கேட்க, பேராசிரியருக்கு என் கேள்வியே புரியவில்லை. வீட்டில் நூற்றுக்கு மாற்றி 65 என்று சொன்னதில் அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் உங்கள் எதிர்காலம் தீர்மானமாவது வகுப்பறையில் அல்ல, ஸ்தாஜில். இன்டர்ன்ஷிப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பள்ளி, நிறுவனம், மாணவர் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் அது நடக்காது. இரண்டு மாதத்துக்கு மேல் போனால் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நான் செய்தபோது குறைந்தபட்சம் மணிக்கு 3.60 யூரோ, 2025-இல் 4.35. சம்பளம் என்று சொல்ல முடியாது, வாடகைக்குக் கை கொடுக்கும்.

என் ஸ்தாஜ் இங்கே வில்நெவ் தாஸ்கில் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தில். ஆறு மாதம். முதல் இரண்டு வாரம் மதியம் எல்லோரும் எழுந்து போனதும் நான் மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டு, எக்செல்லைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். வாசனை யாருக்கும் தொந்தரவாகக் கூடாது என்று ஜன்னலைத் திறந்து வைப்பேன், பிப்ரவரிக் குளிரில். என் ஆங்கிலத்துக்குப் பயந்து அவர்கள் வரவில்லை, அவர்கள் பிரெஞ்சுக்குப் பயந்து நான் போகவில்லை. மூன்றாவது வாரம் கணக்குப் பிரிவில் இருந்த ஐம்பது வயது அம்மாள் ஒருவர் என் மேசைக்கு வந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, "இங்கே சாப்பிடக் கூடாது. சட்டம்" என்றார். எனக்குத் திக்கென்றது. சாம்பார் நாற்றத்தைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, என் டப்பாவைத் தானே மூடிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். டப்பாவின் பின்னால் நானும் போனேன். கேண்டீனில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேசையில் அதை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பிறகு தேடிப் பார்த்தேன். உண்மையாகவே சட்டம்தான். வேலை செய்யும் இடத்தில் ஊழியரைச் சாப்பிட விடக் கூடாது என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது, கொரோனா சமயத்தில்தான் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்.

அந்த மேசையில்தான் நான் பிரெஞ்சு கற்றேன். மாமியார், மழை, வரி, கால்பந்து, மறுபடியும் மழை (லில் மழைக்குப் பேர் போனது). முதல் மாதம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பேன், ஏன் என்று தெரியாது. நான்காவது மாதம் நானே ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் இலக்கணத்தைத் திருத்தினார்கள். ஐந்தாவது மாதம் பக்கத்துப் பிரிவில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போகிறாள் என்று அந்த மேசையில்தான் காதில் விழுந்தது. அந்த வேலைக்கு விளம்பரமே வரவில்லை. நான் கேட்டேன், எடுத்துக்கொண்டார்கள், அதிலிருந்து நிரந்தர ஒப்பந்தம் வந்தது. என்னோடு ஆங்கிலப் பிரிவில் படித்தவர்களில் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கிய பலர் இருநூறு விண்ணப்பம் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். ஆங்கிலம் மட்டும் போதும் என்கிற வேலை பெரும்பாலும் பாரிசில், அதுவும் கணினி, நிதித் துறைகளில். மார்க்கெட்டிங், எச்.ஆர். என்றால் பிரெஞ்சு இல்லாமல் கதவு திறப்பது அபூர்வம்.

ஆகவே பிரெஞ்சு 'அவசியமில்லை' என்பது வகுப்பறைக்கு மட்டும். விமானம் ஏறுவதற்கு முன் பி1 அளவுக்காவது, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் இடைநிலை வரைக்காவது, படித்துவிட்டு வாருங்கள். திருச்சியில் சரியான வகுப்பு கிடைக்காவிட்டால் சென்னையிலோ புதுச்சேரியிலோ அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இங்கே வந்து படித்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன். முதல் செமஸ்டரில் நேரம் கிடைக்காது.

அடுத்தது உங்கள் பெயர். சிரிக்காதீர்கள். நம் இனிஷியல் முறை இந்த நாட்டின் எந்தப் படிவத்திலும் அடங்காது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஒரு படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதினேன், இன்னொன்றில் என் பெயரையே எழுதினேன். பிழை என்னுடையதுதான், ஆனால் இரண்டு பேராக ஆகிவிட்டேன். மருத்துவக் காப்பீட்டுக்கு முதலில் 7 அல்லது 8-இல் தொடங்கும் தற்காலிக எண் தருவார்கள். பிறப்புச் சான்றிதழ் சரிபார்த்த பிறகுதான் நிரந்தர எண்: பெண்ணுக்கு 2, ஆணுக்கு 1, பிறந்த ஆண்டு, மாதம், அப்புறம் வெளிநாட்டில் பிறந்தவர் என்பதற்கு 99, இந்தியாவுக்கு 223. அந்த 99223 என் கைக்கு வர பதினான்கு மாதம் ஆனது. அதுவரை டாக்டருக்குக் கையிலிருந்து கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டுத் தாளை நிரப்பி அனுப்பிக்கொண்டு இருந்தேன். நீங்கள் விசாவுக்குப் போகும் முன்பே பாஸ்போர்ட், டிகிரி, பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா பெயர் இருக்க வேண்டும், வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

பணம். நான் வந்தபோது யூரோ எழுபது ரூபாய்ச் சொச்சம், இப்போது நூறைத் தாண்டிவிட்டது. விசாவுக்கு மாதம் 615 யூரோ காட்டச் சொல்வார்கள். அதில் வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடும். வாடகை உதவி கிடைக்கும் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள், எனக்கும் கிடைத்தது, ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு விதிகள் இறுகிக்கொண்டு வருகின்றன. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வாடகை வீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லையே என்று பதற வேண்டாம், 'விசால்' என்ற இலவச உத்தரவாதம் மாணவர்களுக்கு இருக்கிறது. படிக்கும்போது ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம், செலவுக்கு ஆகும், கடனுக்கு ஆகாது. நாளைக்கு யாராவது ஆண்டுச் சம்பளம் இவ்வளவு என்று சொன்னால் அது 'ப்ரூட்'. கையில் வருவதற்குள் சமூகப் பாதுகாப்புக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அப்புறம் வருமான வரி.

கடன் எடுக்கலாமா என்றால், மாஸ்டர் தகுதி உண்டு, பிரெஞ்சும் படித்துக்கொண்டு வருகிறேன் என்றால் எடுங்கள். இரண்டாம் ஆண்டு 'அல்தெர்னான்ஸ்' முறை உங்கள் பள்ளியில் உண்டா என்றும் கேளுங்கள். சில நாள் வேலை, சில நாள் வகுப்பு. கட்டணத்தை நிறுவனத் தரப்பே ஏற்கும், உங்களுக்குச் சம்பளமும் வரும். அதற்கும் பிரெஞ்சு வேண்டும், தெரிந்ததுதானே. இன்னொரு வழியைக் கன்சல்டன்சி சொல்லியிருக்கவே மாட்டார்கள், அதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை: அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் 'ஐ.ஆ.இ.' என்ற மேலாண்மை நிறுவனங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு மாணவருக்கும் மாஸ்டர் கட்டணம் ஆண்டுக்கு நாலாயிரம் யூரோவுக்குள். தனியார் பள்ளிகள் கேட்பதைவிட மிகக் குறைவு. லில்லிலும் ஒன்று இருக்கிறது.

ஊர் ஞாபகம் வந்தால் ரயிலில் ஒரு மணி நேரத்தில் பாரிஸ் வடக்கு நிலையம், அங்கிருந்து நடந்தால் லா ஷப்பேல். கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை எல்லாம் ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கும். எண்பதுகளில் வந்து உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சு பிடித்த ஒரு கடைக்கார அண்ணன், நான் ஆங்கில வகுப்பு என்று சொன்னதும், "உதுக்கு ஏன் தங்கச்சி இங்கை வந்தனீங்கள்?" என்று கேட்டார். அன்று கோபமாக வந்தது.

குக்கர் கொண்டுவாருங்கள். ஆனால் அலுமினியக் குக்கர் வேண்டாம். மாணவர் அறைகளில் காஸ் அடுப்பு இருக்காது, பல இடங்களில் இண்டக்ஷன். அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர், மூன்று லிட்டர் போதும். உபரி கேஸ்கட் இரண்டு, வெயிட் ஒன்று. வெயிட் இங்கே சாதாரணக் கடைகளில் கிடைக்காது. முதல் விசில் வரும்போது பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.