ஆறு முனைப் பனிப்படிகம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டெல்லியில் குளிர்கால விடுமுறை தொடங்கிவிட்டது. மூடுபனியும் புகையும் கலந்து நிற்பதால், என் ஆறு வயது மகளையும் நான்கு வயது மகனையும் காலையில் வெளியே அனுப்ப முடிவதில்லை. காகிதத்தில் ஸ்னோஃப்ளேக் வெட்டக் கற்றுக்கொடுத்தேன். விரித்தால் துண்டு துண்டாக உதிர்கிறது. உதிராமல் வந்தால் எட்டு முனைகளோடு வருகிறது. படத்தில் ஆறுதானே இருக்கிறது என்று மகள் கேட்கிறாள். சின்னவனால் கத்தரிக்கோலை அழுத்தவே முடியவில்லை.
- ஒரு வாசகி, மயூர் விஹார்

பதில்: உங்கள் மகள் எண்ணியது சரி. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் அடுக்கிக்கொள்வதால், மேகத்துக்குள் வளரும் பனிப்படிகத்துக்கு ஆறு கிளைகள் அமைகின்றன. ஐந்தோ ஏழோ இல்லாமல் ஏன் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு நூலில் கேட்டிருக்கிறார். அவள் கேள்விக்கு நானூறு வயதாகிறது என்று சொல்லுங்கள், மகிழ்ந்துபோவாள். மார்கழியில் ஏழு புள்ளி வைத்து நான்கில் நிறுத்தும் இடைப்புள்ளிக் கோலம் போடுவீர்களானால், அந்தப் புள்ளிகளின் வெளிவடிவமும் இதே அறுகோணம்தான். வெட்டுவதற்கு முன் அதைப் போட்டுக் காட்டினால் பாதி விளக்கம் மிச்சமாகும்.

தாளை இரண்டாகவும் நான்காகவும் மடித்து, பிறகு மூலைவாட்டில் மடித்தால் நான்கோ எட்டோ முனைகள்தான் வரும். அதற்குப் பதிலாக, சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீண்ட மடிப்பின் நடுப்புள்ளியை விரலால் அழுத்திக்கொண்டு, வலப்பக்கத்தை ஒருமுறையும் அதன்மேல் இடப்பக்கத்தை ஒருமுறையும் கொண்டுவந்து, 60 பாகை கொண்ட மூன்று சமபாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்படி மடியுங்கள். அதையும் நெடுக்கில் இரண்டாக மடித்தால் பன்னிரண்டு அடுக்குள்ள ஒல்லியான கூம்பு கிடைக்கும். மேலே துருத்தும் முனைகளை நீங்களே நறுக்கிவிடுங்கள். உதிர்வதற்குக் காரணம் ஒன்றே: ஓர் ஓரத்தில் தொடங்கிய வெட்டு எதிர் ஓரம்வரை போய்விடுகிறது. கூம்பின் நடுவே நெடுக்காக ஒரு பென்சில் கோடு போட்டு, எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினாலும் கோட்டுக்கு முன்பே நிறுத்தவேண்டும் என்று மகளிடம் சொல்லிவையுங்கள்.

நகலெடுக்கும் தாளில் பன்னிரண்டு அடுக்கை வெட்டப் பெரியவர்களுக்கே கை வலிக்கும். ஆகஸ்ட் 15க்கு விட்ட பட்டங்களில் மிஞ்சியவை பரணில் கிடந்தால் எடுங்கள். மூங்கில் குச்சிகளை நீக்கிவிட்டால், ஏற்கெனவே சதுரமாக வெட்டிய மெல்லிய தாள் கைவசம் இருக்கிறது. இல்லையென்றால் பழைய டெல்லியில் லால் குவான் பட்டக் கடைகளிலோ சாவ்ரி பஜார் காகிதக் கடைகளிலோ தேடலாம்.

சின்னவனுக்குக் கத்தரிக்கோல் இப்போது வேண்டாம். ஒரே நீளமுள்ள மூன்று பட்டைகளைத் தாளிலிருந்து அவன் கிழிக்கட்டும். மூன்றையும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே ஒட்டினால் ஆறு கிளைகள் வந்துவிடும். கிழிக்கும்போது பிசிறும் ஓரம் வெட்டிய ஓரத்தைவிட அழகாகவே இருக்கும். மழலையர் வகுப்பில் நான் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், அக்காவின் வேலையை எட்டி எட்டிப் பார்த்து அழுத தம்பிகளை இந்த மூன்று பட்டைதான் சமாதானப்படுத்தியிருக்கிறது. மைதாப் பசை போதும். சன்னல் கண்ணாடியில் ஒட்டினாலும் பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மினுக்குத்தூள் மட்டும் வாங்காதீர்கள். அது பொங்கல்வரை போர்வையிலும் சோற்றிலும் கிடக்கும்.

விடுமுறை முடிவதற்குள் இன்னொன்றும் செய்து பாருங்கள். செய்தித்தாளில் வெட்டிய படிகத்தைத் தரையில் விரித்து, அரிசி மாவை டீ வடிகட்டியால் சலித்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மெல்லத் தூக்கினால், தரையில் ஆறு முனைக் கோலம் இருக்கும். மதுரா, பிருந்தாவனக் கோயில்களில் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி, அதன்வழியே வண்ணப்பொடி தூவும் சாஞ்சிக் கலையும் இந்த முறைதான்.

கேள்வி: டெல்லியில் பனிப்பொழிவே கிடையாது. பஞ்சு ஒட்டிய பனிமனிதனைத் தவிரக் குளிர்காலத்துக்கு வேறு கைவேலை இல்லையா?
- ஒரு வாசகர், ஆர்.கே. புரம்

பதில்: தமிழில் பருவம் ஆறில் முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கே கொடுத்திருக்கிறோம்; அந்தப் பனி உங்கள் சன்னலுக்கு வெளியே நிற்கிறது, அதையே செய்யுங்கள். வெள்ளை அட்டையில் கறுப்புத் தாளில் வெட்டிய குதுப் மினாரை ஒட்டி, அதன்மேல் ஒரு பட்டர் பேப்பரை மூடுங்கள். அந்தப் பேப்பரில் ஒரு வேப்பமரத்தை ஒட்டி மீண்டும் மூடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆட்டோவை ஒட்டுங்கள். ஆட்டோ கறுப்பாகவும், மரம் சாம்பலாகவும், மினார் நிழலாகவும் தெரியும். தொலைவு கூடக்கூட இடையிலுள்ள நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் உண்மையான மூடுபனியிலும் அப்படித்தான் மங்குகிறது. பேப்பர்களை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டிவையுங்கள். வெயில் ஏறும் பத்து மணிக்குக் குழந்தை ஒவ்வொன்றாகத் தூக்கி மினாரை வெளியே கொண்டுவரட்டும்.